லைனா, டப்பாவா, காற்றா: புது ரவுட்டர் வாங்கும் முன்

எங்கள் வீடு மதுரையில். கீழே ஒரு தளம், மாடியில் ஒரு தளம். 100 மெகாபிட் ஃபைபர் இணைப்பு. இணைப்புக் கொடுக்க வந்த தம்பி, நெட் கம்பெனியின் டப்பாவை (ஃபைபரை வாங்கி வைஃபையாகக் கொடுக்கும் சாதனம்) ஹாலில் டி.வி.க்குப் பின்னால் வைத்துவிட்டுப் போனார். இரண்டு வருஷமாக அது அங்கேயேதான் இருந்தது. நான் வேலை பார்ப்பது மாடி முன்னறையில். போன புரட்டாசியில் தொடங்கி, சாயங்காலம் ஆனால் நெட் அறுந்து அறுந்து வர ஆரம்பித்தது. மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போதே எதிரில் இருப்பவர்கள் அப்படியே உறைந்துபோவார்கள். கீழேயிருந்து அம்மா, "நெட் போயிருச்சாப்பா? இங்க சுத்திக்கிட்டே இருக்கு" என்று குரல் கொடுப்பார்.

ஐந்து தடவை புகார் கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும் ஒருவர் வந்து, டப்பாவை அணைத்துப் போட்டு, ஸ்பீடு டெஸ்ட் ஓட்டி, "பாருங்க சார், 95 வருது" என்று காட்டிவிட்டுப் போனார். அவர்கள் வந்ததெல்லாம் காலை பதினொரு மணிக்கு. என் மச்சினன், "பேசாம புது ரவுட்டர் ஒண்ணு வாங்கிருங்க மாமா, மூவாயிரம் ரூபா விஷயம்" என்றான். வாங்கும் முன் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன். ஒரு நோட்டு எடுத்து, நெட் போகும் ஒவ்வொரு தடவையும் நான்கு விஷயம் குறித்தேன்: மணி என்ன, டப்பாவில் எந்த விளக்கு எப்படி எரிகிறது, போனில் வைஃபை அடையாளம் இருக்கிறதா, அம்மாவுக்கும் போனதா.

ஏழு நாளில் 23 தடவை போயிருந்தது. அதில் 6 தடவை டப்பாவில் சிவப்பு விளக்கு. 5 தடவை டப்பாவே அணைந்து எழுந்திருந்தது. மிச்சம் 12 தடவை எனக்கு மட்டும் போனது, அம்மாவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஆக எங்கள் வீட்டில் இருந்தது ஒரு கோளாறு இல்லை. லைனில் ஒன்று, டப்பாவில் ஒன்று, காற்றில், அதாவது வைஃபையில், ஒன்று. மூவாயிரம் ரூபாய் ரவுட்டரால் தீர்ந்திருக்கக்கூடியது அந்தக் கடைசி ஒன்று மட்டும்தான். அதையும் நான் வைத்திருந்த இடத்திலேயே வைத்திருந்தால் தீர்த்திருக்காது.

எது என்று பிரித்துப் பார்ப்பது

நோட்டு இல்லாமலும் இதைக் கண்டுபிடிக்கலாம். லேப்டாப்பில் இரண்டு கமாண்ட் ஜன்னல் திறந்து, இரண்டிலும் நிறுத்தும்வரை ஓடுகிற பிங் போடுங்கள். பிங் என்பது ஒரு முகவரியைக் கூப்பிட்டுப் பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை. ஒன்று டப்பாவுக்கு; அதன் முகவரி பெரும்பாலும் 192.168.1.1, இல்லாவிட்டால் டப்பாவின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் இருக்கும். இன்னொன்று வெளியே, கூகுளின் சர்வரான 8.8.8.8-க்கு. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடட்டும். நெட் போகும் நேரத்தில் வெளியே போகும் பிங் மட்டும் நின்று, டப்பாவின் பிங் ஒழுங்காக வந்தால், கோளாறு லைனில் அல்லது கம்பெனி பக்கம். இரண்டும் சேர்ந்து நின்றால், டப்பாவிலோ காற்றிலோ. அந்த இரண்டில் எது என்று தெரிய, ஒரு லேன் கேபிளால் லேப்டாப்பை நேரே டப்பாவில் சொருகி அதே சோதனையை மறுநாள் சாயங்காலம் செய்யுங்கள். வயரில் நிற்காமல் வைஃபையில் மட்டும் நின்றால் காற்று. வயரிலும் நின்றால் டப்பா.

இந்த ஒரு சோதனைக்கு ஆகும் செலவு ஒரு லேன் கேபிள். செய்யாமல் கடைக்குப் போகாதீர்கள் என்று எனக்குத் தெரிந்த எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்று: இரண்டு பிங்கும் வந்துகொண்டே இருக்கும், ஆனால் எந்தத் தளமும் திறக்காது, வாட்ஸப் மட்டும் ஓடும். அப்படியென்றால் பெயரை முகவரியாக மாற்றும் டி.என்.எஸ். சர்வர் சரியில்லை. டப்பாவின் அமைப்பில் (அதன் முகவரியை பிரவுசரில் போட்டால் திறக்கும்) 8.8.8.8, 1.1.1.1 என்று மாற்றிப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

லைன்

ஃபைபர் டப்பாவில் "பான்" (PON) என்று ஒரு விளக்கும் "லாஸ்" (LOS) என்று ஒரு விளக்கும் இருக்கும். பான் பச்சையில் நிலையாக எரிய வேண்டும். லாஸ் சிவப்பில் மின்னினால் ஒளியே வந்து சேரவில்லை. பான் மின்னிக்கொண்டே இருந்தால் ஒளி வருகிறது, ஆனால் போதவில்லை அல்லது கம்பெனி கருவியோடு பேச முடியவில்லை என்று பொருள். லைன் ஆட்கள் "பவர் எவ்வளவு வருது" என்று கேட்பது இந்த ஒளியைத்தான். அவர்கள் கையில் மீட்டர் இருக்கும். பல டப்பாக்களில் நாமே அமைப்புக்குள் நுழைந்து ஆப்டிக்கல் பக்கத்தில் அந்த எண்ணைப் பார்க்கலாம். மைனஸில்தான் இருக்கும். -15 முதல் -24 வரை இருந்தால் நிம்மதி. -27-ஐத் தாண்டிக் கீழே போனால் டப்பா தடுமாற ஆரம்பிக்கும். இந்தக் கணக்கில் 3 குறைந்தால் ஒளி பாதியாகிவிட்டது என்று அர்த்தம். -21 வர வேண்டிய வீட்டுக்கு -27 வந்தால், கால் பங்குதான் வந்து சேர்கிறது.

தெருமுனைப் பெட்டியில் உள்ள ஸ்ப்ளிட்டர் ஒரே கண்ணாடி இழையின் ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. 32 வீடாகப் பிரித்தாலே மேலே சொன்ன கணக்கில் ஏறத்தாழ 17 (டெசிபெல்) போய்விடும். மிச்சமிருக்கும் கொஞ்சத்தில், ஒரு அழுக்குக் கனெக்டர், ஜன்னல் சட்டத்தில் செங்குத்தாக மடிந்த கேபிள், அணில் கடித்த இடம், தண்ணீர் இறங்கிய இணைப்பு என்று எது சேர்ந்தாலும் லைன் விளிம்பில் நிற்கும். காலையில் ஓடும், மழையில் போகும்.

எங்களுக்கு அதுதான். வெயில் நாளில் -26, சாயங்கால மழை அடித்தால் -28. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் கேபிளை ஒட்டுப்போட்ட இடத்தில் சுற்றியிருந்த டேப் பிரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அந்த எண்களைப் போட்டோ எடுத்து, மழை பெய்த நேரத்தோடு ஆறாவது புகாரில் சேர்த்தேன். இந்த முறை வந்தவர் மெஷினோடு வந்தார். பழைய ஒட்டை வெட்டி எறிந்துவிட்டு, இழையின் முனைகளை மெஷினில் வைத்து உருக்கி ஒட்டினார். சின்னத் திரையில் இரண்டு நூல் நெருங்கி ஒன்றாவது தெரிந்தது. டப்பாவில் -21.4 வந்தது. பிறகு எத்தனை மழை வந்தாலும் சிவப்பு எரியவில்லை.

ஒரு எச்சரிக்கை. அந்தப் பச்சை முனைக் கனெக்டரைக் கழற்றிக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள். உள்ளே வரும் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் விழித்திரையைக் கெடுக்கக்கூடியது. சட்டை நுனியால் துடைப்பதும் கூடாது. அழுக்கு ஏறத்தான் செய்யும்.

வாடிக்கையாளர் சேவையில் பேசும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: "கடைசியா கட் ஆனது பவர் ஆஃப்னு காட்டுதா, லாஸ்னு காட்டுதா?" ஃபைபர் டப்பாவுக்குக் கரண்ட் போகும்போது, அது அணைவதற்கு முன் ஒரு கடைசிச் செய்தியைக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டுத்தான் சாகும். அதனால் வீட்டில் கரண்ட் போனதா, வழியில் இழை அறுந்ததா என்று அவர்கள் பதிவில் பிரித்துத் தெரியும். இந்தக் கேள்வியைக் கேட்டால் "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்பதோடு பேச்சு முடியாது.

லைனில் மட்டும்தான் கோளாறு என்றால் இந்தக் கட்டுரையின் மீதி உங்களுக்குத் தேவையில்லை. எந்த ரவுட்டரும் அதைச் சரிசெய்யாது. கம்பெனி மாறுவது ஒரு வழி. கேபிளே தேவைப்படாத 5ஜி ஏர்ஃபைபர் இணைப்புகள் 2023 முதல் நம் நாட்டில் கிடைக்கின்றன. தெருவில் அடிக்கடி பள்ளம் தோண்டுகிற இடமென்றால் அதைப் பார்க்கலாம். ஆனால் அதில் சிக்னலும் நெரிசலும் சேர்ந்துகொள்ளும். லைன் ஒழுங்காக இருக்கும்வரை ஃபைபரின் நிதானம் அதற்கு வராது.

டப்பா

டப்பா தானாக அணைந்து எழுகிறது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது டப்பாவை இல்லை, அதன் அடாப்டரை.

எங்கள் நோட்டில் அந்த 5 தடவையும் மணி ஆறரையை ஒட்டியே இருந்தது. ஆறரைக்கு அம்மா தண்ணீர் மோட்டார் போடுவார். போடும் கணத்தில் ட்யூப்லைட் ஒரு தடவை சிமிட்டும். அந்தச் சிமிட்டலைத் தாங்க அடாப்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டரில் கொஞ்சம் மின்சாரம் சேமிப்பாக இருக்க வேண்டும். டி.வி.க்குப் பின்னால் காற்றில்லாத வெக்கையில் இரண்டு வருஷம் கிடந்ததில் அது வறண்டுபோயிருந்தது. மீட்டர் வைத்துப் பார்த்தால் 12 வோல்ட் சரியாகத்தான் காட்டியது; சுமை ஏறும்போதும் கரண்ட் தள்ளாடும்போதும்தான் விழுகிறது. பழைய செட்டாப் பாக்ஸின் அடாப்டர் அலமாரியில் கிடந்தது. அதை மாட்டி, அம்மாவை மோட்டார் போடச் சொன்னேன். லைட் சிமிட்டியது. டப்பாவின் விளக்குகள் அசையவில்லை. மூன்று தடவை போட்டு அணைத்துப் பார்த்தோம்.

மாற்று அடாப்டரில் மூன்று விஷயம் பொருந்த வேண்டும். வோல்ட் அதேதான் இருக்க வேண்டும்: 12 என்றால் 12. ஆம்பியர் அதே அளவோ அதிகமோ இருக்கலாம், குறையக் கூடாது. பின்னின் உள்பக்கம் பிளஸ் என்று போட்டிருக்கும் படம் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். கடையில் புதிது 200, 300 ரூபாய்க்குக் கிடைக்கும். கூடவே, இன்வெர்ட்டர் இருக்கிற வீடுகளில் கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஏறும் அந்தக் கணத்தில் ரவுட்டர் மட்டும் அணைந்து எழுகிறதா என்று பாருங்கள். பல இன்வெர்ட்டர்களில் யூ.பி.எஸ். முறைக்கு மாற்ற ஒரு சுவிட்ச் இருக்கும். அதைத் தள்ளினால் மாறும் நேரம் குறைந்து ரவுட்டர் பிழைத்துக்கொள்ளும். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டுக்கு 12 வோல்ட் மினி யூ.பி.எஸ். ஒன்று போதும். ரவுட்டரின் ஆம்பியரைப் பார்த்து வாங்குங்கள்.

அடாப்டர் மாற்றியும் டப்பா திணறுகிறது, தொட்டால் சுடுகிறது, பத்துப் பதினைந்து கருவி சேர்ந்ததும் உறைகிறது என்றால், அப்போது டப்பா மூப்படைந்துவிட்டது. இங்கேயும் கடைக்குப் போகும் முன் கம்பெனியிடம் மாற்றித் தரச் சொல்லுங்கள். டப்பா அவர்களுடையது. பழைய இணைப்புகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் உள்ள ஒற்றை அலை டப்பாக்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. கேட்டால் 2.4-ம் 5-ம் உள்ள இரட்டை அலை டப்பா கொடுக்கிறார்கள், சில இடத்தில் இலவசமாக, சில இடத்தில் டெபாசிட் வாங்கிக்கொண்டு.

காற்று

நம் ஊர் வீடு வைஃபைக்குக் கடினமான வீடு. செங்கல் சுவர், இரண்டு பக்கமும் சிமென்ட் பூச்சு, தளத்தில் கம்பி கட்டிய கான்கிரீட். அதோடு இரும்பு பீரோ, ஃப்ரிட்ஜ், கண்ணாடி பதித்த அலமாரி. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை இவற்றைத் தாண்டி ஓரளவு போகும், ஆனால் மெதுவானது. அக்கம்பக்கத்து வீடுகளோடு அடிபட்டுத்தான் போக வேண்டும். அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். எங்கள் மாடியிலிருந்து ஒரு வைஃபை ஸ்கேனர் ஆப்பில் பார்த்தால் 17 வீட்டின் பெயர் தெரிந்தது. அதில் ஒன்பது 6-ஆம் சேனலில். சாயங்காலம் எல்லோரும் வீடு திரும்பியதும் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலையில்தான் கசியும்.

5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, சேனல் நிறைய, நெரிசல் குறைவு. ஆனால் ஒரு சுவர் தாண்டினால் பாதி, இரண்டாவது சுவரில் மூச்சு வாங்கும். எனக்கு மட்டும் நெட் போனதன் காரணம் இதுதான். என் லேப்டாப் 5-ஐப் பிடித்துக்கொண்டு தளத்துக்கு மேலே விளிம்பில் தொங்கியது, விட்டுவிட்டு 2.4-க்கு இறங்கியது, மறுபடி ஏறியது. ஒவ்வொரு ஏற்ற இறக்கத்துக்கும் ஒரு மீட்டிங் உறைந்தது.

காசில்லாமல் செய்யக்கூடியதை முதலில் செய்தேன். 2.4-ஐ 1-ஆம் சேனலில் நிறுத்தி, சேனலின் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் ஆக்கினேன். 5-ஐ 36-இல் நிறுத்தினேன். 52 முதல் 144 வரையுள்ள சேனல்கள் ரேடார்களோடு பகிர்ந்துகொள்ளும் பகுதி. ரேடார் மாதிரி ஏதாவது கேட்டால் ரவுட்டர் உடனே அந்தச் சேனலை விட்டு விலகும், வேறொன்றில் உட்கார ஒரு நிமிஷம் வரை காதுகொடுத்துக் காத்திருக்கலாம். ஆட்டோவில் விட்டிருந்தால் காரணமே தெரியாமல் வரும் ஒரு நிமிஷ வெட்டு சில சமயம் இதுதான். அப்புறம் டப்பாவை டி.வி.க்குப் பின்னாலிருந்து எடுத்து, மாடிப்படி ஓரத்தில் ஆள் உயரத்தில் மாட்டினேன். ஃபைபர் இழையை நீட்ட, அதே பச்சை முனையுள்ள பேட்ச் கார்டு 5 மீட்டர் வாங்கியதுதான் செலவு. வாரத்துக்கு 12 என்பது 4 ஆனது. மாடி முன்னறையில் மட்டும் இன்னும் மிச்சம்.

இனி வழிகள்

இந்த நிலைமையில், அதாவது லைன் சரி, அடாப்டர் சரி, காற்று மட்டும் போதவில்லை என்கிறபோது, காசு செலவழிக்க நான்கு வழி இருக்கிறது.

மலிவானது ரிப்பீட்டர். ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாயில் பிளக்கில் சொருகும் சின்னச் சாதனம். வாங்கிய எவரும் ஒரு வருஷத்துக்கு மேல் திருப்தியாக வைத்திருந்து நான் பார்க்கவில்லை. ஒரே அலையில் வாங்கி அதே அலையில் திருப்பிப் பேசுவதால் வேகம் பாதியாகிறது. தனிப் பெயரில் இயங்கினால் அறை மாறும்போது போன் பழையதையே பிடித்துக்கொண்டு தவிக்கிறது. நம்மை வாட்டுவது வேகம் இல்லை, அறுபடுவது. அறுபட இன்னொரு இடத்தை ஏன் காசு கொடுத்துச் சேர்க்க வேண்டும்? படுக்கையறையில் போன் பார்க்க மட்டும் என்றால் போகட்டும். வேலைக்கு வேண்டாம். கரண்ட் வயர் வழியாகவே நெட் அனுப்பும் பவர்லைன் சாதனங்களும் இருக்கின்றன. மூன்று ஃபேஸ், தனி இன்வெர்ட்டர் லைன் என்று பிரிந்து கிடக்கும் நம் வீட்டு வயரிங்கில் அவற்றை நம்பி இறங்க மாட்டேன்.

இரண்டாவது, ஒரே ஒரு நல்ல ரவுட்டர். ஒரே தளம், இரண்டு படுக்கையறை, நடுவில் வைக்க இடம் உண்டு என்றால் இதுவே போதும். அதற்கு மேல் போக வேண்டியதில்லை. அட்டையில் போட்டிருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். ஏசி1200 என்றால் 2.4-இல் 300 மெகாபிட், 5-இல் 867, இரண்டையும் கூட்டி மேலே தள்ளி எழுதியது. ஏஎக்ஸ்1800 என்றால் 574-ம் 1201-ம். போன் ஒரு நேரத்தில் ஒரு அலையில்தான் இருக்கும். அதிலும் கைக்கு வருவது அந்த எண்ணில் பாதி, அறை தாண்டினால் இன்னும் குறைவு. ஏஎக்ஸ்3000-இல் 2402 என்று போடுவது 160 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை வைத்து. அந்த அகலத்துக்கு, நான் மேலே சொன்ன ரேடார் சேனல்களையும் சேர்த்துத்தான் பயன்படுத்த வேண்டும். அறுபடாமல் இருக்க வாங்குகிறவர் அதற்காகக் கூடுதல் காசு கொடுப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

பார்க்க வேண்டியது பின்பக்கத்து ஓட்டைகளை. 100 மெகாபிட் போர்ட்டா, கிகாபிட் போர்ட்டா? டிபி-லிங்க் ஆர்ச்சர் சி20-க்கு 100 போர்ட், ஆர்ச்சர் சி6-க்கு கிகாபிட் போர்ட். கடையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். 100 போர்ட்டில் 94-க்கு மேல் வராது. இன்று 100 பிளான் என்றாலும் கிகாபிட்டாகவே வாங்குங்கள், இல்லாவிட்டால் நாளைக்குக் கம்பெனி அதே விலைக்கு 200 கொடுக்கும்போது ரவுட்டர் தடையாக நிற்கும். அடுத்து வைஃபை 5-ஆ 6-ஆ என்ற கேள்வி (பெயரில் ஏசி என்றால் 5, ஏஎக்ஸ் என்றால் 6). ஆளுக்கொரு போன், இரண்டு லேப்டாப், டி.வி., கேமரா என்று பத்துக் கருவிக்கு மேல் இருக்கும் வீட்டுக்கு 6 வாங்கலாம். பல கருவிகளுக்கு ஒரே நேரத்தில் பங்கிட்டுக் கொடுப்பது அதில்தான் ஒழுங்காகிறது. ஆர்ச்சர் ஏஎக்ஸ்23, ஏசஸ் ஆர்டி-ஏஎக்ஸ்53யூ இரண்டும் இந்த ஏஎக்ஸ்1800 வகை, கிகாபிட் போர்ட். இரண்டிலும் திறந்த மென்பொருளான ஓப்பன்டபிள்யூஆர்டி ஏற்ற முடியும் என்பது எனக்குப் பெரிய விஷயம். ரவுட்டர் தயாரித்த கம்பெனி பாதுகாப்பு அப்டேட்டை நிறுத்திய பிறகும் சாதனம் உயிரோடு இருக்கும். சந்தையில் 3,000 முதல் 5,000 ரூபாய்க்குள் இந்த வகை கிடைக்கிறது. வைஃபை 7-க்கான சான்றளிப்பு 2024 ஜனவரியில்தான் தொடங்கியது. அதைப் பேசத் தெரிந்த போன் வீட்டில் இல்லாதவரை அதற்குக் கொடுக்கும் காசு அலமாரியில் தூங்கும்.

மூன்றாவது, மெஷ். இரண்டு மூன்று சாதனம் ஒரே பெயரில், ஒன்றாகச் சேர்ந்து பேசும். நடந்துகொண்டே மாடிக்குப் போனாலும் போன் அழகாகக் கைமாறும். சுவரில் ஓட்டை போட முடியாத வாடகை வீட்டுக்கு இதுதான் சரி. சென்னையில் அக்கா வீட்டுக்கு இதைத்தான் வாங்கச் சொன்னேன்: நீளமான பிளாட், முன்வாசலில் ஃபைபர், கடைசி அறையில் அத்தானின் வேலை. ஆனால் மெஷ்ஷும் காற்றில் பேசித்தான் இரண்டாவது சாதனத்துக்கு நெட்டைக் கொண்டுபோகிறது. எல்லோரும் செய்யும் தவறு, சிக்னலே வராத அறைக்குள் இரண்டாவதை வைப்பது. அதற்கே சிக்னல் கிடைக்காமல் அது எதைக் கொடுக்கும்? பாதி வழியில், முதல் சாதனம் இன்னும் நன்றாகக் கேட்கும் இடத்தில் வைக்க வேண்டும். அக்கா வீட்டில் கடைசி அறையிலிருந்து எடுத்து நடைபாதையில் வைத்ததும் 18 மெகாபிட் 70 ஆனது. இங்கேயும் போர்ட் பார்த்து வாங்குங்கள்: டிபி-லிங்கின் மெஷ் சாதனங்களில் டெக்கோ இ4-க்கு 100, டெக்கோ எம்4-க்கு கிகாபிட். கான்கிரீட் தளத்தைத் தாண்டிக் காற்றில் இணைக்க வேண்டியிருந்தால் மெஷ்ஷிடம் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். மாடிப்படி வழி திறந்திருந்தால் பிழைக்கும்.

நான்காவதுதான் என் மனசுக்குப் பிடித்தது. கீழிருந்து மாடிக்கு ஒரு கேட் 6 லேன் கேபிள் இழுத்து, அந்த முனையில் ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட்டாக, அதாவது ரவுட்டர் வேலை பார்க்காமல் வைஃபை மட்டும் கொடுக்கும்படி, வைப்பது. சொந்த வீடு என்றால், வயரிங் குழாயில் இடம் இருந்தால், இதைத் தவிர வேறு எதையும் யோசிக்க மாட்டேன். காற்றில் கடக்க வேண்டிய தளத்தை வயர் கடந்துவிடுகிறது. சாதனம் நான் இருக்கும் அறையிலேயே உட்கார்ந்துகொள்கிறது. விலை உயர்ந்த ரவுட்டர்கூடத் தேவையில்லை. கேபிள் மீட்டர் 20, 30 ரூபாய், எலக்ட்ரீஷியனுக்கு ஒரு மணி நேரக் கூலி. ஒன்று மட்டும் கவனம்: முழுச் செம்புக் கம்பி கேட்டு வாங்குங்கள். செம்பு பூசிய அலுமினியக் கேபிள் விலை குறைவு. நாளாக நாளாக முனை தளர்ந்து, கிகாபிட் லிங்க் 100-க்கு இறங்கி, அறுபட்டு, நீங்கள் தொடங்கிய இடத்துக்கே திரும்பக் கொண்டுவந்துவிடும். கரண்ட் வயர் போகும் அதே குழாயில் விடாமல் தனிக் குழாயில் விடச் சொல்லுங்கள். மொட்டை மாடி வழியாகவோ ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கோ செம்புக் கேபிளைத் திறந்தவெளியில் இழுக்க வேண்டாம். ஐப்பசி இடியில் பக்கத்தில் மின்னல் விழுந்தாலே போர்ட் கருகிவிடும். ஃபைபரில் அந்தப் பயம் இல்லை.

கம்பெனி டப்பாவோடு சேர்ப்பது

புது ரவுட்டரை டப்பாவின் லேன் போர்ட்டில் சொருகி அப்படியே ஓட்டுகிறவர்கள் அதிகம். நெட் வரும். ஆனால் இரண்டு சாதனமும் ரவுட்டர் வேலை பார்க்கும். முகவரி மாற்றம் இரண்டு தடவை நடக்கும். விளையாட்டு, வீட்டு கேமராவை வெளியிலிருந்து பார்ப்பது, சில ஆபீஸ் வி.பி.என். இதெல்லாம் மக்கர் செய்யும். கீழே உள்ள டி.வி.யும் மேலே உள்ள போனும் ஒன்றையொன்று பார்க்காது. இரண்டில் ஒன்றைச் செய்யுங்கள். டப்பா நன்றாக இருக்கிறது, காற்றுதான் போதவில்லை என்றால் புதியதை ஆக்சஸ் பாயின்ட் முறையில் போடுங்கள். அமைப்பில் ஒரே பொத்தான். டப்பாவே திணறுகிறது என்றால் அதை பிரிட்ஜ் முறைக்கு (ரவுட்டர் வேலையை விட்டு லைனை மட்டும் கடத்திவிடும் முறை) மாற்றச் சொல்லி, நெட் இணைப்பில் நுழையும் பி.பி.பி.ஓ.இ. பயனர் பெயர், கடவுச்சொல் வாங்கிப் புது ரவுட்டரில் போடுங்கள். சில கம்பெனிகள் செய்து தரும், சில மறுக்கும். லேண்ட்லைன் அந்த டப்பாவில் இருந்தால் மாற்றிய பிறகும் மணி அடிக்கிறதா என்று அப்போதே பாருங்கள். மறுக்கிற கம்பெனி என்றால் வாங்கும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

வைஃபையின் பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்தால் பழைய பிரிண்டரும் ஸ்மார்ட் பல்பும் ஏறாது. டபிள்யூபிஏ2-ம் 3-ம் கலந்த முறையில் விடுங்கள்.

நாங்கள் என்ன செய்தோம்

மாடிக்கு 18 மீட்டர் கேட் 6 இழுத்து, முன்னறைப் பரண் ஓரத்தில் ஒரு ஏஎக்ஸ்1800 ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட்டாக வைத்தோம். கீழே கம்பெனி டப்பாவே தொடர்கிறது. இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். சேனல் மட்டும் வேறு: கீழே 1-ம் 36-ம், மேலே 11-ம் 149-ம். ரவுட்டர், கேபிள், கூலி, அடாப்டர், பேட்ச் கார்டு எல்லாம் சேர்த்து ஐயாயிரத்துச் சொச்சம். ஒரே பெயர் என்றாலும் இது மெஷ் மாதிரி நொடியில் கைமாறாது. பேசிக்கொண்டே படியேறினால் ஒரு விநாடி குரல் விட்டுவிட்டு வரும். அதை நாங்கள் ஏற்றுக்கொண்டோம். முன்னறையில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் பேசினால் ஒன்றும் ஆவதில்லை.

நீங்கள் எதை வாங்கினாலும் பில்லோடு அட்டைப் பெட்டியையும் பத்து நாள் தூக்கிப் போடாமல் வையுங்கள். திருப்பிக் கொடுக்கும் அவகாசம் முடியும் முன் மூன்று சாயங்காலமாவது அந்த இரண்டு பிங்கையும் ஓடவிடுங்கள். ஒரு தடவை மோட்டார் போட்டு, ஒரு தடவை மெயின் சுவிட்சை அணைத்து இன்வெர்ட்டரில் ஏற்றி, ஒரு தடவை எல்லாக் கதவையும் சாத்திவிட்டு, நீங்கள் உண்மையிலேயே வேலை பார்க்கும் நாற்காலியில் உட்கார்ந்து.